சோசரின் பார்டனரை வாசிப்பது எப்படி

முதல் நாளே பக்கத்தின் ஓரத்தில் 'வேஷதாரி, பேராசைக்காரன்' என்று பென்சிலால் எழுதிவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடாதீர்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்னறையில், ஞாயிறு பின்னேரங்களில், ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளோடு நான் சில வருஷங்களாக உட்கார்ந்து வாசித்து வருகிறேன். ஆங்கிலக் கவிஞர் சோசரின் கன்டர்பரி கதைகளில் பார்டனர் என்ற இந்த மனுஷனிடம் வந்து சேர்ந்ததும் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் செய்வது இதைத்தான். அந்த இரண்டு சொல்லும் பிழை இல்லை. ஆனால் வேஷதாரி என்றால் தன்னை மறைக்கிறவன் என்றுதானே நினைக்கிறோம்? இவன் ஒரு கூட்டத்துக்கு முன்னால், குடித்துக்கொண்டே, தான் சனத்தை ஏமாற்றுகிற விதம் முழுவதையும் தன் வாயாலேயே சொல்லுகிறான், சொல்லி முடித்த கையோடு அதே கூட்டத்திடம் காசும் கேட்கிறான். இப்படிப்பட்ட ஒருவனை வாசிக்க வேறு வழி வேண்டும். பிள்ளைகளோடு செய்து பார்த்து எனக்குச் சரிவந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

பெயரில் ஒரு குழப்பம் வரும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள். பார்டனர் என்றால் கூட்டாளி இல்லை. 'பார்டன்', அதாவது மன்னிப்பு, அதைச் சீட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் காணிக்கை வாங்குகிறவன். அவன் எந்தக் கோயில் பங்குக்கும் பொறுப்பான சுவாமி, அதாவது பாதிரியார், இல்லை. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்க் கோயிலின் பிரசங்க மேடையில் ஏறி நின்று பேசிவிட்டு, காசோடு இறங்குகிறவன்.

அப்புறம், எந்த வரிசையில் வாசிப்பது. பல தொகுப்புகளில் பார்டனர் சொல்லும் கதை மட்டும் தனியாக இருக்கும், மூன்று குடிகாரர்கள் சாவைத் தேடிப் போகிற கதை. அதை மட்டும் வாசித்தால் ஒரு நல்ல நீதிக்கதை கிடைக்கும், சொல்லுகிற ஆள் கிடைக்கமாட்டான். நூலின் பொது முன்னுரையில் 669ஆம் வரியிலிருந்து 714 வரை அவனுடைய உருவம் இருக்கிறது, வெறும் 46 வரிதான், அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஆறாம் பகுதிக்குப் போய், கதைக்கு முன்னால் அவன் தன்னைப் பற்றிப் பேசுவதை வாசியுங்கள், அதன்பிறகு கதை, கடைசியில் கதை முடிந்ததும் வருகிற சண்டை. எல்லாம் சேர்த்து எழுநூறு வரிக்குக் குறைவு, இரண்டு பின்னேரம் போதும். மூல ஆங்கிலம் பழசு என்று பயப்பட வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சோசர் இணையதளத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே இன்றைய ஆங்கிலம் இருக்கிறது, இலவசமாக வாசிக்கலாம். ஆனால் கீழ் வரியை மட்டும் வாசித்துக்கொண்டு போகாதீர்கள், மேல் வரியைச் சத்தமாகச் சொல்லுங்கள். குதிரைவீரரைக் குறிக்க 'நைட்' (knight) என்று இன்று சொல்லும் சொல்லில் அந்தக் காலத்தில் முதலில் உள்ள 'க்' உம் கேட்கும், நடுவில் எங்கள் ஆய்த எழுத்தை நினைவுபடுத்துகிற ஒரு சத்தமும் கேட்கும். தமிழில் எழுதியதை எழுதியபடியே உச்சரித்துப் பழகிய வாய்க்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை, ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கதைகளுக்கு வெளியே உள்ள சட்டகத்தை விளக்க எனக்கு மடுத் திருவிழாதான் உதவும். ஆவணித் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வான் பிடித்துப் போகும்போது உள்ளே யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்கார ஐயா, நேர்த்தி வைத்த அம்மா, பரீட்சை எழுதிய பெடியன், சும்மா ஊர் பார்க்க வருகிறவர், எல்லாரும் ஒரே வானில், விடிய விடியக் கதை. சோசரின் கூட்டமும் அப்படித்தான். லண்டனுக்குத் தெற்கே சதர்க் என்ற இடத்தில் டாபர்ட் என்ற விடுதியில் சந்தித்து, 1170இல் கொலை செய்யப்பட்ட தோமஸ் பெக்கெட்டின் கல்லறையைக் கும்பிடக் கன்டர்பரிக்குப் புறப்படுகிறார்கள். வழிக்குப் பொழுதுபோக ஆளுக்கு ஆள் கதை சொல்ல வேண்டும் என்பது விடுதிக்காரன் ஹாரி பெய்லியின் யோசனை. சோசர் இதை 1387ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கினார், 1400இல் இறந்தார், நூல் முடியவில்லை, 24 கதைகள்தான் கிடைத்தன. ஒன்றை மறக்காதீர்கள்: இவர்கள் எல்லாரும் ஒரு புனிதரின் திருப்பண்டத்துக்கு, அதாவது அவர் விட்டுப்போன எலும்பு, உடை போன்றவற்றுக்கு, முன்னால் முழங்காலில் நிற்கப் போகிறவர்கள். பன்றி எலும்பைத் திருப்பண்டம் என்று விற்கிறவனும் அவர்களோடு அதே பாதையில் குதிரையில் வருகிறான்.

அவன் விற்கும் சரக்கு என்ன என்று விளங்காமல் அவனுடைய கள்ளம் விளங்காது. இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுக்க வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், மற்றப் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்லுவேன். பாவம் செய்தவர் மனம் வருந்தி, சுவாமியிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் குற்றம் மன்னிக்கப்படும். ஆனால் அந்தப் பாவத்துக்குரிய தண்டனைக் கடன் மிச்சம் இருக்கும், அதை இந்த உலகத்தில் தவம் செய்து கழிக்க வேண்டும், அல்லது செத்தபிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்க வேண்டும். அந்தக் கடனைத் திருச்சபை குறைத்துக் கொடுப்பதைத்தான் 'பலன்' என்பார்கள், முழுவதையும் குறைத்தால் பரிபூரண பலன். ஜெபம், யாத்திரை, தர்மம் என்று நல்ல காரியங்களுக்காக அது கிடைக்கும். ஆஸ்பத்திரி கட்டுவதற்கும் பாலம் போடுவதற்கும் தர்மம் சேர்க்கும்போதும் இது பயன்பட்டது, அப்படிச் சேர்த்துக் கொடுக்க உத்தரவு பெற்று வந்தவர்கள்தான் பார்டனர்கள். ஆகவே தொழில் ஒன்று உண்மையிலேயே இருந்தது. மனவருத்தமும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் வெறும் சீட்டு யாரையும் காப்பாற்றாது என்பதும் திருச்சபையின் போதனையிலேயே இருந்தது. நம்முடைய ஆள் மேடையில் நின்று மறைப்பது அந்தக் கடைசிப் பாதியை. காசு வந்தால் போதும், பாவம் போய்விடும் என்று சனம் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுகிறான், வந்த காசையும் தன் பையிலேயே போட்டுக்கொள்கிறான்.

சோசர் இவனைச் சும்மா எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. 'ரௌன்சிவல்' ஆள் என்கிறார். லண்டன் சேரிங் குரொஸ் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ஆஸ்பத்திரி உண்மையாகவே இருந்தது, ஸ்பெயின் மலைப்பக்கத்தில் உள்ள ரொன்செஸ்வாயெஸ் மடத்தின் கிளை, அதன் பெயரைச் சொல்லி மன்னிப்பு விற்றதைப் பற்றி அந்தக் காலத்திலேயே முறைப்பாடு எழுந்தது. இவனுடைய மடியில் உள்ள பை நிறைய மன்னிப்புச் சீட்டுகள், 'ரோமிலிருந்து சுடச்சுட வந்தவை'. 1378இலிருந்து ரோமில் ஒரு பாப்பரசர், அவிஞ்ஞோனில் இன்னொருவர் என்று திருச்சபையே இரண்டாகக் கிடந்தது, 1417 வரை அந்தப் பிளவு தீரவில்லை. சீட்டில் யாருடைய முத்திரை செல்லும் என்ற கேள்வி சோசரின் வாசகர்களுக்கு அன்றாடக் கேள்வி. மார்ட்டின் லூதர் இதே வியாபாரத்தை எதிர்த்து எழுதியது 1517இல், அதாவது சோசர் இறந்து நூறு வருஷத்துக்கும் பிறகு. கத்தோலிக்கத் திருச்சபையே ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில் இந்தக் காணிக்கை சேர்க்கும் பதவியை 1562இல் ஒழித்தது. பரீட்சைக்கு இவ்வளவு வரலாறு போதும்.

இனிக் கணக்குக் கொப்பியை எடுங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை, கூட்டிக் கழித்தால்தான் இந்த ஆளின் ஆசை எவ்வளவு என்று தெரியும். இந்தத் தந்திரத்தால் வருஷத்துக்கு வருஷம் நூறு மார்க் சம்பாதித்தேன் என்கிறான். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒரு பவுணில் மூன்றில் இரண்டு பங்கு. நூறு மார்க் என்றால் 66 பவுண் 13 ஷில்லிங் 4 பென்ஸ். அதே சோசர் 1374இல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்காளராக வேலைக்குச் சேர்ந்தபோது வருஷச் சம்பளம் 10 பவுண். ஆறு மடங்குக்கும் மேல்! பொது முன்னுரையில் இன்னொரு கணக்கு இருக்கிறது: ஒரு ஏழைப் பங்குச் சுவாமிக்கு இரண்டு மாதத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலான காசை இவன் ஒரே நாளில் எடுத்துவிடுவான். அந்தச் சுவாமியின் கோயில், அந்தச் சுவாமியின் சனம், பிரசங்கம் மட்டும் இவனுடையது. இவனுக்குக் கொடுத்த பிறகு அந்தப் பங்கின் உண்டியலில் என்ன மிஞ்சியிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கணக்கு எழுதி முடிந்ததும் அவன் வாங்கும் சாமான்களின் பட்டியலுக்கு வாருங்கள்: காசு, கம்பளி, சீஸ், கோதுமை. ஊரிலேயே மிக ஏழையான வேலைக்காரப் பெடியன் தந்தாலும் வாங்குவேன், மிக ஏழையான விதவை தந்தாலும் வாங்குவேன், அவளுடைய பிள்ளைகள் பட்டினியால் செத்தாலும் சரி என்கிறான். இந்த வரியை நான் மற்ற வரிகளைப்போல வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும், அம்மா வருத்தமாகப் படுத்திருந்த நேரம், ஜெபிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை போகும்போது அம்மம்மாவின் ஒரு சோடிக் காப்பில் ஒன்று அவரோடு போனது. பிறகு அவர் வரவில்லை. அவர் சொன்ன வேத வசனங்கள் எல்லாம் சரியான வசனங்கள்தான். அம்மம்மா சாகும்வரை அதே வசனங்களைச் சொல்லித்தான் ஜெபித்தார், அவை அவருக்கு உண்மையாகவே ஆறுதல் தந்தன. பார்டனரை நான் விடாமல் திரும்பத் திரும்ப வாசிப்பதற்குக் காரணம் அந்த முடிச்சுத்தான்: பொய்யான வாயிலிருந்து வந்த உண்மையான சொல்லை என்ன செய்வது?

அடுத்தது அவனுடைய பிரசங்கம். இதை உட்கார்ந்து வாசிக்காதீர்கள், ஒருவர் எழுந்து நின்று மற்றவர்களைப் பார்த்து வாசிக்க வேண்டும். காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பேனையோ தைலமோ விற்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். உழைத்துச் சாப்பிடுகிற அந்த ஆட்களை இவனோடு சேர்த்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. கவனிக்க வேண்டியது அவர்களுடைய வரிசை: முதலில் தன்னைப் பற்றி ஒரு சொல், பிறகு கையில் உள்ள கடதாசி, பிறகு ஒரு கதை, பிறகு சாமானை உங்கள் மடியில் வைத்துவிட்டு நடப்பது. பார்டனரும் தன் வரிசையைத் தானே சொல்லுகிறான். எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லுவேன். பாப்பரசர் கடிதங்களை ஒன்றுவிடாமல் காட்டுவேன், ஒரு சுவாமியும் என்னைத் தடுக்காதபடி எல்லாவற்றுக்கும் முன்னால் முத்திரை வைத்த உத்தரவைக் காட்டுவேன். குங்குமப்பூப் போட்டு நிறமும் மணமும் ஏற்றுவதுபோல இடையில் நாலு லத்தீன் சொல் போடுவேன். அதன்பிறகுதான் எலும்புகள் வெளியே வரும்.

அந்தச் சாமான்களை ஒன்றொன்றாகப் பாருங்கள். மாதாவின் முக்காடு என்று காட்டுவது ஒரு தலையணை உறை. கடலில் இறங்கியபோது இராயப்பர், அதாவது பேதுரு, வைத்திருந்த படகுப் பாயில் ஒரு துண்டு. கண்ணாடிக்குள் பன்றி எலும்பு. ஒரு புனித யூதரின் ஆட்டுத் தோள் எலும்பு, அதைக் கழுவிய கிணற்றுத் தண்ணீர் மாட்டின் வீக்கத்தையும் ஆட்டின் சிரங்கையும் சுகப்படுத்தும், மந்தையைப் பெருக்கும், அதே தண்ணீரில் சூப் வைத்தால் புருஷனின் சந்தேக நோயும் தீரும். ஒரு கையுறை, அதற்குள் கையை விட்டவனுக்கு விளைச்சல் பெருகும், காணிக்கை போட்டிருந்தால். இவை எல்லாம் விவசாயிகளின் கவலைகள் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாடு, ஆடு, கோதுமை, வீட்டுச் சண்டை. ஆத்துமத்தைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் வரவில்லை. அவனுக்குத் தன் சனத்தை நன்றாகத் தெரியும், அவர்களை இரவில் தூங்கவிடாதது எது என்று தெரியும்.

ஆனால் அவனுடைய உண்மையான கெட்டித்தனம் அடுத்த தந்திரத்தில் இருக்கிறது, இதற்குக் குறைந்தது அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஒரு எச்சரிக்கை சொல்லுகிறான்: பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவே வெட்கப்படும் அளவுக்குப் பயங்கரமான பாவம் செய்தவர் யாராவது இங்கே இருந்தால், அல்லது புருஷனுக்குத் துரோகம் செய்த பெண் யாராவது இருந்தால், அவர்களுக்கு என் திருப்பண்டங்களுக்கு முன்னால் காணிக்கை போட வலிமையும் கிடைக்காது, அருளும் கிடைக்காது. மற்றவர்கள் வரலாம். இப்போது நீங்கள் அந்தக் கோயிலில் மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்தில் மாமியார், பின்னால் ஊர்ச் சனம். எழுந்து போகாமல் இருந்தால் என்ன அர்த்தம்? காணிக்கை போடாதவரின் மௌனமே ஊருக்கு முன்னால் ஒரு பாவசங்கீர்த்தனம் ஆகிவிடுகிறது. ஒருவரையும் அவன் கட்டாயப்படுத்தவில்லை, 'தாருங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளைகளில் ஒருவரைப் பார்டனராக நிற்க வைத்து மற்றவர்களை வரிசையில் இருத்தி இதைச் செய்து பாருங்கள், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் எழும்புகிறாரா என்று கண்ணால் பார்ப்பதை நீங்களே காண்பீர்கள். நீங்கள் 'பேராசை' என்று எழுத வேண்டிய இடம் இதுதான், ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் அவன் எந்தக் கதவால் உள்ளே வருகிறான் என்றும் எழுதுங்கள். வெட்கம் என்ற கதவால் வருகிறான்.

அவனை எதிர்த்தவர்களுக்கு என்ன செய்கிறான் என்பதையும் விட்டுவிடாதீர்கள். பெயரைச் சொல்லமாட்டான், ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறான் என்று எல்லாருக்கும் விளங்கும்படி மேடையிலிருந்து குத்துவான். புனிதத்தின் நிறம் பூசி என் நஞ்சைத் துப்புகிறேன் என்று அவனே சொல்லுகிறான்.

சரி, இப்போது கடினமான கேள்வி. இதையெல்லாம் அவன் ஏன் சக யாத்திரிகர்களிடம் சொல்ல வேண்டும்? எங்களுக்குத் தெரிந்த ஒரு குறளை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து
வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று.

தவக்கோலத்துக்குள் மறைந்து தீமை செய்வது, வேடன் புதருக்குள் மறைந்து பறவை பிடிப்பதைப் போன்றது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வருவது. கோயில் மேடையில் நிற்கும் பார்டனருக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் குதிரையில் போகும் பார்டனர் புதரை விட்டு வெளியே வந்து, வலையைக் கையில் தூக்கிக் காட்டி, இப்படித்தான் முடிச்சுப் போடுவேன் என்று பறவைகளுக்கே வகுப்பு நடத்துகிறான். ஏன் என்பதற்குப் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: குடிவெறி, திறமையைக் காட்டுகிற ஆசை, இவர்கள் படித்தவர்கள், எப்படியும் ஏமாறமாட்டார்கள் என்ற எண்ணம், மனதுக்குள் அழுத்துகிற குற்றம். எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். அவன் தன் தொழிலில் உண்மையாகவே பெருமைப்படுகிறான். களஞ்சியத்தின் மேல் இருக்கும் புறாவைப்போலக் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பேசுவேன், என் கையும் நாக்கும் போகிற வேகத்தைப் பார்ப்பதே சந்தோஷம் என்று சொல்லும் இடத்தில் ஒரு கலைஞனின் குரல் கேட்கிறது. நல்ல கைகாரன் ஒருவனுக்குத் தன் கைத்திறனை ஒருவரும் அறியாமல் போவது தாங்காது.

அந்தப் பகுதியில் மூன்று வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். ஒன்று, என் நோக்கம் சம்பாதிப்பது மட்டும்தான், பாவத்தைத் திருத்துவது இல்லை, அவர்களைப் புதைத்த பிறகு அவர்களின் ஆத்துமங்கள் எங்கே போய்த் திரிந்தாலும் எனக்கு என்ன என்பது. இரண்டு, அவன் எப்போதும் எடுக்கும் ஒரே வசனம்: 'ராடிக்ஸ் மாலோரும் எஸ்ட் குப்பிடிட்டாஸ்', பேராசைதான் எல்லாத் தீமைக்கும் வேர், சின்னப்பர், அதாவது பவுல், திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரம். மூன்றாவது வரியைத்தான் பிள்ளைகள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்: நானே அந்தப் பாவத்தில் கிடந்தாலும், மற்றவர்களை அதிலிருந்து விலக வைக்கவும் மனம் வருந்த வைக்கவும் என்னால் முடியும், ஆனால் அது என் முதல் நோக்கம் இல்லை. அவன் பிரசங்கம் வேலை செய்கிறது! யாரோ ஒரு கஞ்சன் அவன் பேச்சைக் கேட்டு உண்மையாகத் திருந்தி வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மம்மாவின் வசனங்கள் எனக்கு நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான்.

கதைக்குள் போகும்போது மெதுவாகப் போங்கள். கொள்ளைநோய் காலம். 1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோயைச் சோசர் சிறுபிள்ளையாக இருந்தபோது கடந்து வந்தவர், கேட்டவர்களுக்கும் அது கதையில்லை. பிளாண்டர்ஸ் நாட்டில் மூன்று பேர் காலையிலேயே குடித்துக்கொண்டிருக்க, சவத்துக்கு முன்னால் அடிக்கும் மணி கேட்கிறது, செத்தவன் அவர்களுடைய பழைய கூட்டாளி. சாவு என்கிறவனைத் தேடிக் கொல்லுவோம் என்று சத்தியம் பண்ணிப் புறப்படுகிறார்கள், ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்போம் என்றும் சத்தியம். வழியில் ஒரு கிழவர். சாவு அவரை எடுக்கமாட்டேன் என்கிறது, தாயே என்னை உள்ளே விடு என்று ஊன்றுகோலால் மண்ணைத் தட்டித் தட்டி நடக்கிறார். அந்தக் கிழவர் யார் என்று பதில் தேடி வகுப்பு முழுவதையும் செலவழிக்காதீர்கள், அவர் தட்டும் சத்தத்தைக் கேட்டால் போதும். சாவை அந்தக் கருவாலி மரத்தடியில் விட்டுவிட்டு வந்தேன் என்று அவர் காட்டுகிறார், அங்கே போனால் கிட்டத்தட்ட எட்டுப் புசல் பொற்காசு. எங்கள் ஊரில் நெல்லைப் புசலில் அளந்த வீடுகளுக்கு எட்டுப் புசல் எவ்வளவு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கே ஒரு வரி வரும்: 'அதற்குப் பிறகு அவர்கள் சாவைத் தேடவில்லை.' கதை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பேன். அவர்கள் மறந்துவிட்டார்கள், ஆனால் கிழவர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது. சீட்டுப் போட்டுப் பார்க்க, இளையவனுக்கு விழுகிறது, பாணும் வைனும் வாங்க அவன் பட்டினத்துக்குப் போகிறான். மற்ற இருவரும் அவனைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள், அவன் எலிக்கு என்று சொல்லி நஞ்சு வாங்கி மூன்று போத்தலில் இரண்டில் கலக்கிறான். வந்தவனைக் குத்திக் கொல்லுகிறார்கள், புதைப்பதற்கு முன் குடித்துவிட்டுப் புதைப்போம் என்று உட்காருகிறார்கள். அவ்வளவுதான்.

எங்கள் நாட்டில் வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள். இந்தக் கதை பௌத்த ஜாதகக் கதைகளில் 48ஆவதாக உள்ள வேதப்ப ஜாதகத்தில் இருக்கிறது. மந்திரத்தால் இரத்தின மழை பெய்விக்கும் ஒரு பிராமணர், அவரைப் பிடிக்கும் ஐந்நூறு கள்ளர், பிறகு இன்னொரு ஐந்நூறு, புதையலுக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக் கடைசியில் இரண்டு பேர் மிச்சம். ஒருவன் வாளோடு காவல் இருக்கிறான், மற்றவன் சோற்றுக்குப் போய் அதில் நஞ்சு கலந்து கொண்டுவருகிறான், முடிவு அதே முடிவு. ஜாதகக் கதைகள் சிங்களத்தில் 'பன்சிய பனஸ் ஜாதக' என்று பெயர்க்கப்பட்டதும் அதே 14ஆம் நூற்றாண்டில்தான். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை இதைப் பன்சலையில் கேட்டிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சோசர் எதைச் சேர்த்தார் என்று உடனே தெரியும்: கொள்ளைநோய், கிழவர், சகோதரச் சத்தியம், எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கதையைச் சொல்லத் தகுதியே இல்லாத ஒரு வாய்.

திருச்சபையைச் சேர்ந்த மற்றப் பாத்திரங்களை வேகமாகப் பார்த்தால் போதும். வேட்டைக்குப் போகும் மடத்துச் சுவாமி. நல்ல காணிக்கை கிடைக்கும் இடத்தில் இலேசான தவம் கொடுக்கும் ஃபிரையர், அதாவது தர்மம் கேட்டு வாழும் துறவி, காலில் செருப்பில்லாத விதவையிடமும் ஒரு காசு வாங்காமல் போகமாட்டார். திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆள் அழைக்கும் சம்மனர், பார்டனரின் சிநேகிதன், முகம் நிறையப் பரு, ஒரு அளவு வைனுக்குக் கண்ணை மூடிக்கொள்வான். ஆனால் ஏழைப் பங்குச் சுவாமியை, பார்சனை, கட்டாயம் முழுவதும் வாசியுங்கள். மழையிலும் இடியிலும் கையில் தடியோடு பங்கின் கடைசி வீடு வரை நடந்து போகிறவர், வரி கொடுக்காத ஏழையைச் சபிக்க மனமில்லாமல் தன் கைக்கு வந்ததையும் கொடுக்கிறவர், முதலில் செய்துவிட்டுப் பிறகு போதிக்கிறவர். பொன்னே துருப்பிடித்தால் இரும்பு என்ன செய்யும் என்று கேட்கிறவர் அவர்தான். எங்கள் வகுப்பில் சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிறார்கள், பார்சனை வாசிக்காமல் பார்டனரை மட்டும் வாசித்தால் ஒரு சமயத்தையே திட்டிவிட்டுப் போனதுபோல ஆகும், சோசர் அப்படி எழுதவில்லை.

இன்னொன்று. பார்டனருக்குத் தாடி இல்லை, குரல் வெள்ளாட்டின் குரல், தலைமயிர் மெழுகுபோல மஞ்சள், அவன் ஆண்மை எடுத்த குதிரையோ பெட்டைக் குதிரையோ என்று கதைசொல்லி சந்தேகப்படுகிறார். உடம்பைப் பார்த்துக் குணம் சொல்லுவது அந்தக் காலத்து வழக்கம். கட்டுரையில் இதைக் குறிப்பிடுங்கள், ஆனால் அவன் கெட்டவன் என்பதற்குச் சாட்சியாகக் காட்டாதீர்கள். சாட்சி அவன் பையில் இருக்கிறது.

கடைசிச் சண்டையை ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்து வாசியுங்கள். கதை முடிந்ததும் பார்டனர் சொல்லுகிறான்: எங்கள் ஆத்துமங்களின் வைத்தியரான இயேசு கிறிஸ்து உங்களுக்குத் தம் மன்னிப்பைத் தருவாராக, அதுவே மேலானது, நான் உங்களை ஏமாற்றமாட்டேன். அந்த ஒரு கணம் அவன் உண்மை பேசுகிறான் என்றே நான் நம்புகிறேன், நம்பாதவர்களும் இருக்கிறார்கள், பிள்ளைகளை வாதாட விடுங்கள். அடுத்த மூச்சிலேயே பையைத் திறந்து, எல்லாரையும்விடப் பாவத்தில் மூழ்கியவர் நீர்தான், ஒரு காசு போட்டு முத்தமிடும் என்று விடுதிக்காரனைக் கூப்பிடுகிறான். விடுதிக்காரன் சொல்லும் மறுமொழி மிகவும் ஊத்தை, அதை மெதுவாக்கிச் சொல்லாதீர்கள், எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள். இத்தனை நூறு வரி பேசிய பார்டனர் கோபத்தில் ஒரு சொல்லும் பேசாமல் நிற்கிறான், கூட்டத்தில் உள்ள நைட் நடுவில் வந்து இருவரையும் ஒருவரை ஒருவர் முத்தமிட்டுச் சமாதானமாகச் சொல்லுகிறார், எல்லாரும் குதிரையை நடத்துகிறார்கள்.

அந்த மௌனம் வந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி ஒரு நிமிஷம் பொறுங்கள். பிறகு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: எல்லாம் தெரிந்த பிறகும் உங்களில் யாருக்காவது அந்தப் பைக்குள் காசு போட மனம் வந்ததா? என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு கையாவது உயரும். அந்தப் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டு, அது சொல்லும் பதிலைக் கொப்பியின் முதல் வரியாக எழுதச் சொல்லிக் கட்டுரையை அங்கிருந்து தொடங்க வையுங்கள்.